வேலைக்குத் திரும்பும் தாயும் தாய்ப்பாலும்

மகப்பேறு முடிந்து வீடு திரும்பும் தாய்மார்களில் சிலர் எங்களிடம் தயக்கத்துடன் வினவுவதுண்டு: "அடுத்த மாதமே வேலைக்குப் போக வேண்டும்; புட்டிப்பாலுக்கு இப்போதே பழக்கிவிடலாமா?" சித்தாள் வேலை, தையல் வேலை, வீட்டு வேலை என நாள்கூலியை நம்பி வாழ்வோர்க்கு விடுப்பு என்பது வருவாய் இழப்பே. எனினும், வேலைக்குச் செல்வதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை என்பதே எங்கள் விடை.

உரிமைகளை அறிவோம்

1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரு குழந்தைகளுக்கும் 26 வாரங்கள் ஊதியத்துடன் விடுப்பு என்றானது. பேற்றுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள்கள் அந்நிறுவனத்தில் பணிபுரிந்திருந்தால் போதும். நாள்கூலிப் பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டென 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணிக்குத் திரும்பியபின், குழந்தைக்கு 15 மாதங்கள் நிறையும் வரை பாலூட்டுவதற்கென நாள்தோறும் இரு இடைவேளைகள் பெறலாம். வருகை அட்டை, கூலிச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள், அவையே சான்று.

பிறர் வீடுகளில் வேலை செய்வோரை இச்சட்டம் எட்டுவதில்லை. தமிழ்நாட்டில் அத்தகையோர்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் துணையாகும். கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்தல் இன்றியமையாதது.

பாலைச் சேமிப்போம்

வேலைக்குச் செல்லும் முன்னும் திரும்பிய உடனும் இரவிலும் நேரடியாகப் பாலூட்டுங்கள். வேலையிடத்தில் மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை பாலைக் கையால் பீய்ச்சி எடுங்கள். அவ்வாறு எடுக்காவிடில் மார்பில் பால் கட்டி வலி உண்டாகும், சுரப்பும் குறையும்.

கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, கொதிநீரில் இட்டெடுத்த மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைச் சேர்க்கவும். அறையில் வைத்த பாலை நான்கு மணி நேரத்திற்குள் புகட்டிவிட வேண்டும். கோடையில் அதற்கும் முன்பே. குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். அதனைக் காய்ச்சலாகாது, கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். புட்டியைத் தவிர்த்துச் சங்கு அல்லது பாலாடையால் புகட்டுங்கள்.

குடும்பத்தார்க்கு

முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டா. பாட்டியோ கணவரோ சங்கால் புகட்டக் கற்றுக்கொண்டால், தாயின் பாதிச் சுமை குறையும். வீடு திரும்புமுன் எங்கள் செவிலியரிடம் இருவரும் ஒருமுறை பழகிச் செல்லுங்கள்.