விடை சொல்லும் கருவியும் வினாக் கேட்கும் ஆசிரியரும்

2022 நவம்பர் 30இல் ‘சட்ஜிபிடி’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி வெளியாயிற்று. அடுத்த ஜனவரியிலேயே நியூயோர்க் நகரக் கல்விப் பகுதியினர் தம் பாடசாலைகளில் அதனைத் தடைசெய்தனர். மே மாதத்தில் தடையை நீக்கினர். பாடசாலையில் அடைத்ததை மாணவன் வீட்டில் திறந்துகொள்வான் அல்லவா?

கள்ளத்தைப் பிடிக்க இன்னொரு கருவி போதுமே என்பார் உளர். சட்ஜிபிடியை ஆக்கிய நிறுவனமே அப்படியொன்றை வெளியிட்டு, அதன் தீர்ப்புப் பிழைக்கின்றதென்று 2023 ஜூலையில் மீளப்பெற்றது. அத்தகைய கருவியை நம்பி ஒரு பிள்ளையைக் கள்ளன் என்பது நீதியாகாது.

எஸ்தோனியா வேறு வழி சென்றது. 2025 செப்டெம்பரில் அங்கு தொடங்கிய திட்டம், 20,000 மாணவரோடு 3,000 ஆசிரியரையும் கருத்திற்கொண்டே வகுக்கப்பட்டது. நல்ல முறை இதுவே. அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கணித்தே இக்கருவி எழுதுகின்றது. ஆகவே பொய்யையும் மெய்போலச் சரளமாய்ச் சொல்லும். இதை ஆசிரியர் முதலில் அறியவேண்டும்.

அதே ஆண்டு ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ‘அந்திகுவா எத் நோவா’ என்னும் ஏடும், மாணவர் தாமே விடைதேடத் தூண்டாது விடையை மட்டும் கொடுத்துவிடும் கருவிகளைக் குறித்து எச்சரிக்கின்றது.

வகுப்பில் செய்யத்தக்கது என்ன? கட்டுரையின் முதற்படியைக் கையால் வகுப்பிலேயே எழுதுவிக்கலாம். பின்னர், “இக்கருத்தை ஏன் முன்வைத்தாய்?” என வாய்மொழியாய் வினவலாம். நாற்பது பிள்ளைகளுக்கு நேரமேது என்று ஆசிரியர் கேட்பது நியாயமே. தவணைக்கு இரண்டு கட்டுரைகளோடு தொடங்கட்டும். வீட்டிலே பெற்றோர், கருவி தந்த பந்தியொன்றைப் பிள்ளையுடன் இருந்து பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்குக் கணனி அறிவு வேண்டியதில்லை.