மூலிகைக்கும் கணக்கு வேண்டும்

இயற்கை விவசாயம் செய்கிறோம் என்று தெரிந்தால் போதும், ஊரார் நம்மிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். "பூச்சிக்கு என்ன அடிக்கிறீங்க?" என்பது ஒன்று. "சுகருக்கு என்ன பொடி சாப்பிடலாம்?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நாம் நிதானமாக, அளவோடு பதில் சொல்கிறோம். பத்து லிட்டர் தண்ணிக்கு இத்தனை மில்லி, சாயங்கால வேளையில் அடிங்க என்போம். இரண்டாவது கேள்விக்கு மட்டும், "சிறுகுறிஞ்சான் போடுங்க, பக்கவிளைவே கிடையாது" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். பயிருக்குக் காட்டும் கவனத்தை மனுசருக்கும் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

எங்கள் கள்ளக்குறிச்சி பக்கம் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதிலிருந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் வருகிறது. வேலியில் சிறுகுறிஞ்சான் படர்கிறது. நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் கிடைக்கிறது. எல்லாம் ஒரே வயிற்றுக்குள்தான் போகின்றன. ஆனால் மாத்திரை கொடுக்கிறவருக்குப் பொடி தெரியாது, பொடி கொடுக்கிறவருக்கு மாத்திரை தெரியாது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வறட்டு இருமலும் அதிமதுரமும்

எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'பிரில்' என முடியும் பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். சளி இருக்காது, தொண்டை அரிக்கும். இது மாத்திரையால் வந்தது என்று தெரியாமல் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வார்கள். தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள், தினமும் நிறையச் சாப்பிட்டால், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றிவிடும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். கை கால் தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

இதற்கு வழி எளிது. "இருமல் மாத்திரையாலயா பாருங்க" என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். 'சார்ட்டன்' என முடியும் வேறு வகை மாத்திரைக்கு மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் இருமல் நின்றுவிடும். அம்லோடிபின் மாத்திரையால் கால் வீங்குவதும் இப்படித்தான். உடனே நெருஞ்சில் கஷாயத்துக்குப் போகாமல், அந்த வீக்கத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிறுகுறிஞ்சானும் சர்க்கரை மாத்திரையும்

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கும். இனிப்பே தெரியாது. அவ்வளவு வேலை செய்கிற இலை ரத்தச் சர்க்கரையையும் கொஞ்சம் இறக்கும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரைகளும் இன்சுலினும் ஏற்கெனவே சர்க்கரையை இறக்குபவை. இரண்டும் சேர்ந்து, காலையில் கூழும் குடிக்காமல் களை எடுக்கப் போனால் என்ன ஆகும்? எங்கள் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் அப்படித்தான் வரப்பில் சாய்ந்தார். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கண் இருட்டு எல்லாம் இருந்தும், வெயில் என்று நினைத்திருக்கிறார்.

நினைவு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

கால் மரத்துப் போனால்

மெட்ஃபார்மின் மாத்திரையின் கதை நமக்குப் பிடிக்கும். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. அதிலிருந்த பொருளை ஆராய்ந்த வழியில் வந்ததுதான் இந்த மாத்திரை. ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957-இல் இதைச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்தி எழுதினார். அதனால் மூலிகை நம்ம பக்கம், மாத்திரை எதிர்ப்பக்கம் என்று கட்சி பிரிக்க ஒன்றும் இல்லை.

இதைப் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். பாதம் மரத்துப் போகும், எரியும். சர்க்கரையாலும் அதே தொந்தரவு வரும் என்பதால் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கீரையிலோ தானியத்திலோ இந்தச் சத்து கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. குறைவு அதிகமானால் மாத்திரையோ ஊசியோ வேண்டியிருக்கும். மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கும் கொடுக்கும். அந்த நேரத்தில் கடுக்காய்ப் பொடியும் சேர்ந்தால் இன்னும் இளக்கிவிடும். சாப்பாட்டோடு மாத்திரை போட்டாலே தொந்தரவு குறையும்.

காசநோய் மருந்தில் ஒரு எச்சரிக்கை

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அது மருந்தின் சாயம். காமாலை என்று பயந்து கீழாநெல்லி தேடி, மருந்தை நிறுத்தினால் கிருமி மருந்துக்கே பழகிவிடும். கண் மஞ்சளானால், வாந்தி வந்து சாப்பாடே பிடிக்காமல் போனால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்தோடு முட்டை, பருப்பு, நிலக்கடலை, கேழ்வரகு என்று வயிறு நிறையச் சாப்பாடும் வேண்டும்.

நம் முன்னோர் வைத்த கட்டுப்பாடு

மூலிகை ஒன்றும் செய்யாது என்று நம் மரபு சொன்னதே இல்லை. சுக்குக்குத் தோலில் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டையில் நஞ்சு என்று நீக்கிவிட்டுத்தான் சேர்ப்பார்கள். சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட மாட்டார்கள். அளவு, வேளை, பத்தியம், துணைமருந்து எல்லாம் வைத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் டப்பாவில் அடைத்தது நம் காலம்தான்.

செய்ய வேண்டியவை

1. வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். இடது பக்கம் மாத்திரை, வலது பக்கம் மூலிகை. பெயர், அளவு, வேளை, தொடங்கிய தேதி எல்லாம் இருக்கட்டும். வங்கியில் வரவையும் செலவையும் தனித்தனி ஆட்கள் எழுதி, யாரும் ஒத்துப் பார்க்காமல் விட்டால் கணக்கு எப்படி நேராகும்?

2. எந்த மருத்துவரிடம் போனாலும் அந்த நோட்டைக் காட்டுங்கள். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவும் இருக்கிறது. ஒரே வளாகத்தில் இருவரிடமும் கேட்கலாம்.

3. புதிதாக ஒரு மூலிகை என்றால் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். முதல் சில வாரம் சர்க்கரையும் பிரஷரும் அடிக்கடி பாருங்கள். அளவு நன்றாக இருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைக்க வேண்டுமென்றால் மருத்துவர் குறைப்பார்.

4. மூலிகை விளைவித்து விற்கிற நண்பர்கள் பொட்டலத்தில் செடியின் பெயர், எந்தப் பாகம், காயவைத்த தேதி மூன்றையும் எழுதுங்கள். "தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடவும்" என்று ஒரு வரி சேருங்கள். 'சர்க்கரை குணமாகும்' என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மருந்தாகவே தயாரித்து விற்க உரிமம் வேண்டும்.

நஞ்சில்லாச் சோறு தருகிறோம் என்று நம்பித்தான் மக்கள் நம்மிடம் வருகிறார்கள். பொடி கேட்டு வருகிறவரிடம் முதலில், "நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டுவிட்டு, பிறகு பொட்டலத்தை எடுங்கள்.