கை சொல்லும் அடையாளம்

கேள்வி: கோயில் சிலைகளில் எது எந்தத் தெய்வம் என்று எப்படி அறிவது? (வாசகர், விக்கிரமசிங்கபுரம்)

பதில்: முகத்தைவிடக் கைகளே தெய்வத்தை அடையாளம் காட்டும். ஆகமங்களும் சிற்ப நூல்களும் வகுத்த முறைப்படி, பின்கைகள் பெரும்பாலும் ஆயுதம் தாங்கும். முன்கைகள் அபயம், வரதம் போன்ற முத்திரை காட்டும். பின்கைகளில் மானும் மழுவும் இருந்தால் சிவன். சங்கும் சக்கரமும் இருந்தால் திருமால். துர்க்கையும் சங்கு சக்கரம் ஏந்துவாள் என்பதால், காலடியில் எருமைத்தலை உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

நடராசர் வடிவம் தனிப் பாடம். வலப் பின்கையில் உடுக்கை, இடப் பின்கையில் தீ. வல முன்கை அபயம் காட்ட, இட முன்கை துதிக்கைபோல் குறுக்கே நீண்டு, தூக்கிய இடக்காலைச் சுட்டும். ஊன்றிய வலக்காலின் கீழ் முயலகன். காதுகளையும் கவனிக்க வேண்டும்: ஒன்றில் ஆணின் குழை, மற்றதில் பெண்ணின் தோடு. உமை பாதியாக இருப்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன சிற்பிக்கு இணையில்லை.

வெகுதூரம் போகவும் வேண்டாம். பக்கத்துக் கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராசர் இந்த இலக்கணத்துக்கு நல்ல சான்று. 1982இல் களவுபோன அந்தச் செப்புத்திருமேனி ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் இருந்து, 2019இல் ஊர் திரும்பியது. பழைய புகைப்படங்கள்தான் அதை மீட்க உதவின. உங்கள் ஊர்க் கோயில் திருமேனிகளுக்கும் படப் பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.