ஸ்லாக் சிமென்ட்: அவசரப்படாதீங்க

"கழிவைக் கலந்த சிமென்ட்டா? நம்ம வீட்டுக்கு வேண்டாம்ப்பா." சிவில் படிக்கிற எல்லாருடைய வீட்டிலும் ஒரு மாமாவாவது இதைச் சொல்லியிருப்பார். அவருக்கு என்ன பதில் சொல்வீங்க?

ஊதுலையில் இரும்புத் தாதுவை உருக்கும்போது கனமான இரும்பு அடியில் தங்கும். மேலே மிதப்பதுதான் கசடு, அதாவது ஸ்லாக். அதில் இருப்பது சுண்ணாம்பு, சிலிக்கா, அலுமினா. சிமென்ட்டிலும் இதே ஆட்கள்தான், விகிதம் மட்டும் வேற. சுமார் 1500 டிகிரி சூட்டில் வெளிவரும் இதை மெதுவாக ஆறவிட்டால் படிகமாகி வெறும் கல்லாகிவிடும், ஜல்லிக்குத்தான் ஆகும். தண்ணீரைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடித்தன்மை உள்ள மணலாகும். அதை நைசாக அரைத்தால் கிடைப்பதுதான் ஜிஜிபிஎஸ். (எஃகு உருக்கும்போது வரும் கசடு வேறு ரகம். அதில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்பு பிறகு ஊதிப் பெருக்கும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.)

லாபம் எங்கே? ஒரு டன் கிளிங்கர் செய்யும்போது, எரிபொருளை விட்டுவிட்டாலும், சுண்ணாம்புக்கல்லில் இருந்து மட்டுமே அரை டன் அளவுக்கு கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஸ்லாக் சேர்க்கிற அளவுக்கு அது மிச்சம்.

இப்போ முக்கியமான விஷயம். ஸ்லாக்கில் தண்ணீர் மட்டும் ஊற்றினால் அது அவ்வளவு சீக்கிரம் அசைந்து கொடுக்காது. முதலில் சிமென்ட் வினைபுரிந்து கால்சியம் ஹைட்ராக்சைடை விடணும். அதுதான் ஸ்லாக்கை எழுப்பிவிடும். அதனால் பாதிக்குப் பாதி ஸ்லாக் போட்ட கான்கிரீட் 7 நாள் க்யூப் டெஸ்டில் பின்தங்கித்தான் நிற்கும். 28 நாளில் சாதாரண சிமென்ட்டைப் பெரும்பாலும் எட்டிப் பிடிக்கும், 90 நாளில் தாண்டியும் போகும். துளைகள் சிறுத்துவிடுவதால் உப்பு உள்ளே நுழைவதும் கஷ்டம். கடற்கரை ஊர்க்காரங்க இதைக் கவனிக்கணும்.

ஆனா சைட்டில் நடப்பது என்ன? மூணு நாள் தண்ணி ஊத்திட்டு நிறுத்திடுவாங்க. ஈரம் போனால் வினையும் நின்றுவிடும். அப்புறம் பழி சிமென்ட் மேல விழும்! க்யூரிங் சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்ட்டுக்கு 10 நாள், வெயிலும் வறட்சியும் இருந்தால் 14 நாள் என்கிறது ஐ.எஸ். 456. அதில் உள்ள சென்ட்ரிங் பிரிக்கும் நாட்கணக்கும் சாதாரண சிமென்ட்டுக்கானதுதான். அதை அப்படியே ஸ்லாக் கான்கிரீட்டுக்குப் பயன்படுத்துவது, என்னைக் கேட்டால், ஆபத்தான பழக்கம். முட்டு எடுக்கும் முன் க்யூப் உடைத்துப் பாருங்க.

மாமாவிடம் மூட்டையைக் காட்டுங்க. ஐ.எஸ். 455 என்று அச்சிட்டிருந்தால் அது ஸ்லாக் சிமென்ட், 25 முதல் 70 சதவீதம் வரை ஸ்லாக் இருக்கலாம். மேஸ்திரியிடமும் அன்றைக்கே நாட்கணக்கைச் சொல்லிவிடுங்க. உடைத்த க்யூபுக்குள் நீலப்பச்சையாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம். ஸ்லாக்கில் உள்ள கந்தகத்தால் வரும் நிறம் அது, காற்றுப் பட்டால் போய்விடும்.