நேரே ஒம்புட்ஸ்மனுக்கு எழுதாதீர்கள்

"கவுன்சிலோடை மினக்கெடாதைங்கோ. நேரை ஒம்புட்ஸ்மனுக்கு எழுதிப் போடுங்கோ, அவங்கள் காதைப் பிடிச்சு முறுக்குவாங்கள்."

சென்ற மாதம் மட்டும் இதை மூன்று இடங்களில் கேட்டேன்: ஒரு கல்யாண மண்டபத்தில், கோயில் அன்னதான வரிசையில், ஈஸ்ட்ஹாமில் மரக்கறி தெரிந்துகொண்டு நின்றபோது. சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் இங்கிலாந்தில் வாழும் எங்கள் சனத்துக்கு இந்த ஒரு யோசனை செய்த கெடுதலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். லண்டன் கவுன்சில் ஒன்றின் முறைப்பாட்டுப் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை செய்தவள் நான்.

கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளூராட்சிக்கான ஒம்புட்ஸ்மன் பதவியை உருவாக்கியது 1974ஆம் ஆண்டுச் சட்டம். சிக்கல் முதலில் கவுன்சிலுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும், அதை ஆராய்ந்து பதில் சொல்ல கவுன்சிலுக்கு நியாயமான அவகாசம் கிடைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மிக அவசரமான சில விடயங்களில் ஒம்புட்ஸ்மன் இந்தப் படியைத் தாண்ட விடலாம். மற்றபடி நேரே போன கடிதம் திரும்பி வரும். "முதலில் கவுன்சிலிடம் முறையிடுங்கள்" என்பதுதான் அந்தப் பதில். எங்கள் ஆட்கள் அதை எப்படி வாசிக்கிறார்கள்? "ஒம்புட்ஸ்மனே கைவிட்டுட்டார், இனி ஒண்டும் செய்யேலாது." கடிதம் லாச்சிக்குள் போய்விடும்.

லாச்சிக்குள் கிடந்தாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிரச்சினை உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போக வேண்டும். கவுன்சில் கடைசிப் பதில் தந்த நாளிலிருந்து அல்ல. ஒரு தாயாருக்குக் குளியலறையை மாற்றிக் கட்டும் உதவித்தொகை இழுபட்டுக்கொண்டிருந்தது. முழுமையான விண்ணப்பத்துக்கு ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். நியாயம் முழுக்க அவர் பக்கம். மகன் யாரோ சொன்னதைக் கேட்டு நேரே ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினார். கடிதம் திரும்பி வந்தது. மனம் விட்டுப்போய், பதினான்கு மாதம் கழித்து எங்களிடம் வந்தார். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஒம்புட்ஸ்மன் ஏற்றுக்கொள்ளலாம். அவரிடம் சொல்ல ஒரு காரணமும் இல்லை. இதற்கு யார் பொறுப்பு? அன்னதான வரிசையில் அந்த யோசனையைச் சொன்னவர்தான் என்று நான் கோபத்தோடு சொல்வேன்.

சரியான வழி கடினமானதும் அல்ல. குப்பை எடுக்கவில்லை என்று ஃபோனில் சொல்வது வெறும் சேவைக் கோரிக்கை. அதை எத்தனை தடவை செய்தாலும் முறைப்பாடு ஆகிவிடாது. எழுத்தில் கொடுங்கள், "இது என் முறைப்பாடு" என்று தெளிவாக எழுதுங்கள், பதிவு எண் கேட்டு வாங்குங்கள். ஒம்புட்ஸ்மன் 2024 பெப்ரவரியில் கவுன்சில்களுக்கு வெளியிட்ட நெறிக்கோவையின்படி, ஐந்து வேலைநாளில் கிடைத்ததென்று அறிவித்து, அதிலிருந்து பத்து வேலைநாளில் முதற்படிப் பதில் தர வேண்டும். அதில் திருப்தியில்லையென்றால் இரண்டாம் படிக்கு இருபது வேலைநாள். இரண்டும் முடிந்த பிறகோ, ஏறத்தாழ 12 வாரமாகியும் பதிலே வராவிட்டாலோ ஒம்புட்ஸ்மனிடம் போங்கள். அப்போது உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

ஆதாரம் என்றால் என்ன என்பதை ஓர் ஐயாவிடம் கற்றுக்கொண்டேன். குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிச் செல்ல முடியாதவர். வாசலுக்கே வந்து எடுப்பதாகக் கவுன்சில் ஒப்புக்கொண்டிருந்தும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அடிக்கடி விட்டுவிட்டுப் போனார்கள். அவர் கோயில் காலண்டரில் ஒவ்வொரு தவறிய நாளையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருந்தார். பதினொரு வட்டம். ஒரு நாள் தவறியதை ஒம்புட்ஸ்மன் எடுத்து விசாரிக்கமாட்டார்; பதினொரு நாளை ஒதுக்க முடியாது. "ஒப்பந்தக்காரரின் பிழை" என்று கவுன்சில் கைகழுவவும் முடியாது, ஏனென்றால் சேவைக்குப் பொறுப்பு கவுன்சில்தான். மன்னிப்புக் கடிதம், சிறு தொகை, அடுத்த பல வாரங்களுக்கு மேற்பார்வையாளர் நேரில் பார்த்து உறுதிசெய்வது என்று முடிந்தது. ஐயாவுக்குக் காசு பெரிதாகப் படவில்லை. தொட்டி ஒழுங்காகப் போனதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

காது முறுக்கும் கதைக்கும் வருகிறேன். ஒம்புட்ஸ்மன் நீதிமன்றம் அல்ல, கவுன்சிலுக்கு மேலுள்ள பெரிய கவுன்சிலும் அல்ல. அவர் பார்ப்பது இரண்டு: கவுன்சில் நடந்துகொண்ட முறையில் பிழை உண்டா, அந்தப் பிழையால் உங்களுக்குப் பாதிப்பு வந்ததா. பக்கத்து வீட்டுக்காரர் பின்புறம் நீட்டிக் கட்ட அனுமதி வாங்கிவிட்டார், உங்கள் குசினிக்கு வெளிச்சம் வரவில்லை. அந்த அனுமதியை ஒம்புட்ஸ்மன் இரத்துச் செய்யமாட்டார். உங்கள் ஆட்சேபத்தை அதிகாரி வாசித்தாரா, வெளிச்சம் பற்றி அறிக்கையில் ஆராய்ந்தாரா என்றுதான் கேட்பார். ஒழுங்காக ஆராய்ந்து எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதைக் கேள்வி கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை.

இதைக் கேட்டதும் "அப்ப பல்லில்லாத பாம்பு" என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். அதுவும் தவறு. பரிந்துரைகள் சட்டப்படி கட்டாயமல்ல என்றாலும், நூற்றுக்கு 99க்கு மேற்பட்டவற்றைக் கவுன்சில்கள் நிறைவேற்றுகின்றன. கோப்புகளைக் கொடு என்று கேட்பதில் அவருக்கு உயர்நீதிமன்றத்துக்குச் சமமான அதிகாரம் உண்டு. அவரிடமிருந்து கடிதம் வந்த நாளில் எங்கள் மேலாளர்கள் பட்ட அவசரத்தைப் பார்த்தவள் சொல்கிறேன்.

சட்டத்தரணி வேண்டுமா? வேண்டாம், செலவும் இல்லை. ஆனால் எல்லா முறைப்பாடும் இவருக்கு உரியதல்ல: பார்க்கிங் தண்டத்துக்குத் தனித் தீர்ப்பாயம் உண்டு, கவுன்சில் வீட்டுத் திருத்தவேலைக்கு ஹவுசிங் ஒம்புட்ஸ்மன் உண்டு, அங்கே போங்கள். முறைப்பாடு போட்டால் வீசாவில் கை வைப்பார்கள் என்ற பயம்? விசாரணை தனிப்பட நடக்க வேண்டும் என்பது சட்டம். வெளியாகும் முடிவுகளில் முறைப்பாட்டாளரின் பெயர் இருக்காது.

ஆங்கிலம் தெரியாது என்பதற்காகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. ஒன்பது வயதுப் பிள்ளையொன்று, வீட்டுச் சுவரில் பிடித்த பூஞ்சணத்தையும் தாயின் மூச்சிழுப்பையும் எங்கள் கவுண்டரில் நின்று மொழிபெயர்த்தது. தாய் அழுதுகொண்டு சொன்னதில் பாதியை அது சொல்லாமல் விழுங்கியது. உங்கள் சம்மதத்தோடு வளர்ந்த ஒருவர் உங்களுக்காக எழுதலாம், பேசலாம். ஒம்புட்ஸ்மன் அலுவலகம் அதை ஏற்றுக்கொள்ளும். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோர் இரண்டு மணித்தியாலம் காருக்குள் காத்திருக்கிறார்கள். முறைப்பாடு எழுத உதவுவதற்குப் பள்ளி மண்டபத்தின் ஒரு மூலையில் மேசை ஒன்று, கதிரை இரண்டு, ஒரு மடிக்கணினி போட்டால் போதும். எங்கள் பகுதிப் பள்ளி அதிபரிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்திருக்கிறார். வருகிற தவணையிலிருந்து பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். காலண்டரைக் கழற்றிக்கொண்டு வாருங்கள்.