சத்தம் வராது

முதல் பிள்ளை இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறதா? இது உங்களுக்கு. திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமங்களில் 31 வருஷம் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா. தடுப்பூசிக்குக் காய்ச்சல் வருமா, எப்போது சோறு ஊட்டலாம் என்று கேட்காத வீடு இல்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

1. மூழ்குகிற பிள்ளை கத்தாது. சினிமாவில் காட்டுவதுபோல் கையைத் தூக்கி ஆட்டுவதும் கிடையாது. மூச்சு விடவே வழியில்லாத வாயிலிருந்து சத்தம் எங்கே வரும்? "பக்கத்துலதான் இருக்கேன், சத்தம் கேட்டா ஓடிடுவேன்" என்பதெல்லாம் காவலில் சேராது.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. எங்கே நடமாடுகிறாள் என்று தெரியட்டும் என்று கொலுசு போட்டிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கொலுசுச் சத்தம் நின்றது. அப்பாடா, ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்று இன்னும் ரெண்டு பிடி பொறுக்கினேன். அடுத்துக் கேட்டது, பாத்திரம் தேய்க்கக் கொல்லைக்குப் போன மாமியாரின் அலறல். அடிபம்புக்குக் கீழே இருந்த சிமென்ட் தொட்டியில் தலைகுப்புறக் கிடந்தாள். தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்தான். தூக்கியதும் இருமினாள், பிறகு அழுதாள். கொலுசுச் சத்தம் நின்றால் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

2. ஆற்றைப் பற்றிப் பயப்படுவதற்கு முன்னால் குளியலறையைப் பாருங்கள். 2021இல் உலகம் முழுக்க மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அந்த வயதுப் பிள்ளை தனியாக ஆற்றுக்கா போகும்? பெரும்பாலும் வீட்டையும் கொல்லையையும் தாண்டாது.

பெயின்ட் காலியான 20 லிட்டர் வாளியைத் தண்ணீர் பிடிக்க வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதுதான் எனக்குப் பெரிய பயம். தண்ணீரில் சிவப்பு மக் மிதக்கிறது. பிள்ளை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மக்கை எட்டுகிறது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. இரண்டு வயதிலும் தலைதான் கனம். உள்ளே சாய்ந்தால் நிமிர முடியாது. தண்ணீர்க் கனத்தில் வாளியும் கவிழாது. வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற ஊர் என்றால் டிரம்மில் பிடித்து, பிள்ளை திறக்க முடியாத மூடி போடுங்கள். குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் உங்கள் கை எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போதும். ஐம்பது நூறு ரூபாய் வேலை.

3. எங்கள் காலத்தில் பாட்டிமார் காலை நீட்டி, குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுவார்கள். அதை நாட்டுப்புறம் என்று சிரிக்கிறவர்கள் டப் வாங்குகிறார்கள், அதற்குள் உட்கார வைக்க ஒரு வளையம் வேறு. வளையம் பிள்ளையைக் காக்காது. பாட்டியின் காலில் ஒரு நல்லது உண்டு: குழந்தையை விட்டுவிட்டு அவளால் எழுந்திருக்கவே முடியாது! டப்பில் குளிப்பாட்டினால் ஒரு கை பிள்ளைமேல் இருக்கட்டும். துண்டை மறந்துவிட்டால் ஈரத்தோடு தூக்கிக்கொண்டு போங்கள். போன் அடித்து ஓயட்டும்.

4. வலிப்பு உள்ள பிள்ளை எவ்வளவு வளர்ந்தாலும் தனியாகக் குளிக்கக் கூடாது.

5. கிணற்றின் மேல் தகரம், பழைய பலகை, தென்னங்கீற்று போட்டு மூடாதீர்கள். திறந்த கிணற்றைவிட அது மோசம். பிள்ளை தரை என்று நினைத்துக் கால் வைக்கும். கைப்பிடிச் சுவரும் கம்பி வலையும்தான் மூடி. சம்ப், செப்டிக் டேங்க் மூடிக்குப் பூட்டு.

6. சமையல் நேரம் ஆபத்தான நேரம். அப்பா வேலைக்குப் போயிருப்பார், அடுப்பில் குழம்பு கொதிக்கும். வங்கதேசக் கிராமங்களில் இதைக் கவனித்து, காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை குழந்தைகளை ஊர்ப் பெண்களின் காப்பகத்தில் விட ஏற்பாடு செய்தார்கள். மூழ்கிச் சாவது பெரிதும் குறைந்தது. நமக்கு அங்கன்வாடி இருக்கிறது. இரண்டு வயது முடிந்ததும் அனுப்புங்கள். "அங்க என்ன சொல்லிக் குடுக்கிறாங்க" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஒன்றும் சொல்லித் தராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஆள் பார்த்துக்கொள்கிறார்.

7. காதுகுத்து, கல்யாணம், விடுமுறை என்று வீடு நிறைய ஆள் இருக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். சித்தி பார்ப்பாள் என்று அத்தை நினைப்பாள், அத்தை பார்ப்பாள் என்று சித்தி. எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் துண்டு வைத்திருக்கிறோம். அது யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் காவல். எழுந்து போக வேண்டுமானால் இன்னொருவர் தோளில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மாப்பிள்ளைகளுக்கும் விலக்கு இல்லை.

8. டெல்டாக்காரர்களுக்கு ஒன்று. கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், பிள்ளைகள் அதற்குள்ளேயே வீடு கட்டி விளையாடும். மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணை, அடுத்து நம் வாய்க்கால். நேற்று ஓடி விளையாடிய இடத்தில் இன்று இடுப்பளவு தண்ணீர் போகிறது என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு யார் சொல்வது? தண்ணீர் வருகிற வாரம் கொல்லைப் படலைக் கட்டி வையுங்கள். ஏரியில் மண் அள்ளிய பள்ளம் மழைக்குப் பிறகு வெளியே தெரியாது. அங்கே பெரியவர்களும் இறங்க வேண்டாம்.

9. ஆடிப்பெருக்கன்று திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையில் நின்று பாருங்கள். பாதிப்பேர் பிள்ளையின் விரலைப் பிடித்திருப்பார்கள். ஈரவிரல் வழுக்கும். மணிக்கட்டைப் பிடியுங்கள். பாசி படிந்த படியில் பிள்ளையை இறக்கவே வேண்டாம், சொம்பில் மொண்டு தலையில் ஊற்றினால் போதும்.

10. ஆறேழு வயதில் நீச்சல் பழக்குங்கள். இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ, கரையில் கயிற்றைப் பிடிக்க நீச்சல் தெரிந்த பெரியவர். கிணற்றில் தூக்கிப் போட்டுப் பழக்கும் வீரம் வேண்டாம். பெண் பிள்ளைக்கும் கட்டாயம் பழக்குங்கள். கரையில் நின்று கதறுகிற அம்மாவுக்கு நீச்சல் தெரியாததை நான் ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்திருக்கிறேன்.

11. யாராவது தத்தளித்தால் குதிக்காதீர்கள், எதையாவது எறியுங்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி, மூழ்கிய நாலு பேரில் இரண்டு பேரை இழுத்துப் போட்டார்கள். அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. சேலை, வேட்டி, மூங்கில், வாய் மூடிய காலிக் குடம், எதுவும் உதவும்.

12. வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருவது சுத்தப் பொய். ஒருவர் 108ஐக் கூப்பிட வேண்டும். மூச்சு இல்லையென்றால் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மோவாயை லேசாக உயர்த்தி, முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சு ஊதுங்கள். நெஞ்சு எழும்புவது தெரிய வேண்டும். கைக்குழந்தைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊத வேண்டும், பெரிய பிள்ளைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு. பிறகு நெஞ்சின் நடுவில், மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி 30 முறை வேகமாக அமுக்கல், 2 மூச்சு. கைக்குழந்தைக்கு இரண்டு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல், பெரிய பிள்ளைக்கு ஒரு உள்ளங்கை. ஆள் வரும்வரை நிறுத்தாதீர்கள். நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும், அதனால் யோசிக்க நேரமில்லை. முதலுதவிப் பயிற்சி எங்கே நடந்தாலும் போய் ஒருமுறை பொம்மைமேல் அமுக்கிப் பழகி வாருங்கள்.

13. தானாக இருமி எழுந்து விளையாடுகிற பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணற வைக்கும். என் மகளை நான் கூட்டிப்போகவில்லை. நர்சாக இருந்தும், சிரிக்கிறாளே என்று விட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நான் செய்தது தப்பு.