காந்தம் இல்லாத கோளுக்கு யார் காவல்?

பழவேற்காடு ஏரியில் மோட்டார் படகு விரைந்து போகும்போது அதன் மூக்குக்கு முன்னால் தண்ணீர் குவிந்து எழுவதைப் பார்த்திருப்பீர்கள். படகு வருகிற சேதி தண்ணீருக்கு அலையாகத்தான் போய்ச் சேரணும். படகோ அலையைவிட வேகம். ஒதுங்க நேரமில்லாமல் தண்ணீர் குவிகிறது. அந்த ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 நவம்பர் 5-ல் மங்கள்யான் கிளம்பிப் போன செவ்வாய்க்கும் இப்படி ஒரு முன்னலை உண்டு. பேர் ‘பௌ ஷாக்’. (பௌ என்றால் இங்கே வில் இல்லை, கப்பலின் முகப்பு.) ஒரு வித்தியாசம்: இங்கே படகு நிற்கிறது, தண்ணீர்தான் ஓடி வருகிறது.

ஓடி வருவது சூரியக் காற்று. நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகம். காற்று என்று பேர்தான். பூமிக்குப் பக்கத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு புரோட்டான் தேறும், அவ்வளவே. ஆனால் சூரியனின் காந்தப்புலத்தையும் கூடவே இழுத்து வரும்.

பூமியின் காந்தம் அதைச் சுமார் 90,000 கி.மீ. தள்ளியே தடுத்துவிடுகிறது. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் கோள் முழுவதையும் சூழ்ந்த காந்தப்புலம் கிடையாது. பின்னே தடுப்பது யார்?

இங்கேதான் நம்ம கும்மிடிப்பூண்டி வருகிறது. சிப்காட் பக்கம் டிரெயினிங் போனவர்கள் இண்டக்‌ஷன் ஃபர்னஸைப் பார்த்திருப்பீர்கள். காயில் ஸ்கிராப்பைத் தொடுவதே இல்லை. மாறுகிற காந்தப்புலம் இரும்புக்குள் எடி கரண்டை உண்டாக்குகிறது. அந்தக் கரண்ட் தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும். பிசிக்ஸில் மனப்பாடம் செய்தோமே, அதே லென்ஸ் விதி!

செவ்வாயின் மேல்காற்றைச் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அயனியாக்கி, மின்சாரம் கடத்தும் உறையாக்கி வைத்திருக்கின்றன. வருகிற காந்தப்புலம் அதில் மோதினால் உறையில் கரண்ட் ஓடி, உள்ளே விடாமல் எதிர்க்கும். புலம் வெளியே மெத்தை மாதிரி குவியும். அதற்கும் முன்னால், காற்று சட்டென வேகம் குறைந்து சூடாகிற இடம்தான் பௌ ஷாக். தரைக்கு மேல் சுமார் 2,000 கி.மீ.தான். சூரியக் காற்றுக்கு எதிரான கேடயத்தைச் சூரிய ஒளியே செய்து கொடுப்பது வேடிக்கைதான். நிலாவுக்கு அந்த வசதியும் இல்லை; காற்று நேரே மண்ணில் விழுகிறது. விழும் புரோட்டான்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஹைட்ரஜன் அணுவாகத் திரும்புவதைச் சந்திரயான்-1 கண்டது.

செவ்வாயின் கேடயம் கெட்டியானதல்ல. மங்கள்யானுக்கு இரண்டு நாள் முன்னால், 2014 செப்டம்பரில் அங்கே சேர்ந்த அமெரிக்காவின் மேவன் அளந்து சொன்னது: நொடிக்குச் சுமார் 100 கிராம் காற்றைச் சூரியக் காற்று பிடுங்கிப் போகிறது. ஒரு மிக்சர் பொட்டலம் எடைதானே என்று தோன்றும். கோடிக்கணக்கான வருஷம் பெருக்கிப் பாருங்கள். ஒரு காலத்தில் ஆறு ஓடிய கோள் வறண்ட கதை புரியும்.

2022 டிசம்பரில் அங்கே சூரியக் காற்றின் அடர்த்தி திடீரென நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. அழுத்துகிற கை எடுபட்டதும் செவ்வாயின் உறை ஆயிரக்கணக்கான கி.மீ. உப்பி, மூன்று மடங்குக்கு மேல் விரிந்தது. காற்று திரும்பி வந்ததும் பழையபடி சுருங்கிக்கொண்டது.